வேலை போன பின் எங்கே போய் நிற்பது?

(நாட்டரசன்கோட்டையில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று அரசியல் பேசுவேன் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கிறீர்கள். நான் பேசப்போவதும் அரசியல்தான். ஆனால் மேடையும் மைக்கும் தேவைப்படாத அரசியல். மனுவும் முத்திரையும் கையெழுத்தும் தேவைப்படுகிற அரசியல். வேலையை இழந்த ஒருவர் அரசாங்கத்திடம் உதவி கேட்டுப் போனால் அவருக்கு என்ன கிடைக்கும், எந்த வாசலில் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? இதுதான் விஷயம்.

நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர். பெயரும் ஊரும் வேண்டாம். பிளஸ் டூ முடித்தவர். பெரிய நகரம் ஒன்றில், நம்மவர் நடத்துகிற ஜவுளிக்கடையில் 11 ஆண்டுகள் துணி மடித்தவர். 2020 ஊரடங்கில் கடை மூடியது. "திறந்ததும் சொல்லி அனுப்புகிறோம் தம்பி" என்றார்கள். கடை திறந்தது. சொல்லி அனுப்பவில்லை. சில மாதங்கள் காத்திருந்துவிட்டு, "அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்குப் பணம் தருகிறதாமே" என்று யாரோ சொல்லக் கேட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்திற்குப் போனார்.

அங்கே கேட்ட முதல் கேள்வி: பதிவு எண் என்ன? அவர் 2008-இல் பிளஸ் டூ முடித்த கையோடு பதிந்திருந்தார். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2011-இல் புதுப்பித்திருக்க வேண்டியவர், அப்போதுதான் கடை வேலை கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டார். ஆகவே அந்தப் பதிவேட்டில் அவர் இல்லை. சரி, இ.எஸ்.ஐ. அலுவலகம் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி: காப்பீட்டு எண் என்ன? அந்தக் கடையில் 20 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்; ஒருவருக்கும் இ.எஸ்.ஐ. கட்டவில்லை. பி.எப்.பும் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, நீக்கிய கடிதமும் இல்லை. 11 ஆண்டுகள் ஓரிடத்தில் கால் கடுக்க நின்ற மனிதர், காகிதத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை!

சகோதரர்களே, இவருக்கு அரசாங்கம் இல்லை என்று சொல்லவில்லை. அவர் யார் என்றே அரசாங்கத்திற்குத் தெரியவில்லை. வேலை போன பின் எழுதுகிற மனு ஜெயிப்பதும் தோற்பதும், வேலை போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிவாகிவிடுகிறது. இன்றிரவு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதன் விவரங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? கொண்டுவிக்கப் போன செட்டியார்மார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் எழுதிய பேரேடுகளைப் பற்றி இன்றைக்கும் பேசுகிற மண் இது. பேரேட்டில் ஏறாத வரவு, வரவே இல்லை என்பது அவர்கள் கணக்கு. வட்டி நமக்கு ஆகாது; பேரேடு தாராளமாக ஆகும்!

கூச்சம் வேண்டாம்

விவரத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். "ஹஜ்ரத், அரசாங்கத்தில் உதவித்தொகை வாங்குவது கையேந்துவது ஆகாதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள். உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ரோஷம் உள்ளவர்கள். அந்த ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யாசகம் கேட்டு வந்தவரைக் கோடரி வாங்கச் செய்து விறகு வெட்டி விற்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத்து நாம்.

ஆனால் அதே சமுதாயத்தின் இரண்டாம் கலீபா உமர் (ரலி) என்ன செய்தார்கள்? வாசலில் யாசித்து நின்ற கண் தெரியாத முதியவர் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் யூதர். வயதாலும் வறுமையாலும் கேட்கிறேன் என்றார். உமர் (ரலி) அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தம் வீட்டிலிருந்து கொடுத்து, பின் பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, இவருக்கும் இவரைப் போன்றவர்களுக்கும் அங்கிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். இமாம் அபூயூசுப் தம் கிதாபுல் கராஜில் பதிந்திருக்கிற சம்பவம் இது. வரி கொடுத்தவருக்குத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்பது இதில் இருக்கிறதா இல்லையா? சோப்புக்கும் செருப்புக்கும் நாம் கட்டுகிற வரி எங்கே போகிறது?

அதே உமர் (ரலி) தான் திவான் என்ற பதிவேட்டை ஏற்படுத்தி, யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராக எழுத வைத்தார்கள். பெயர் எழுதுவதில் கேவலம் ஒன்றுமில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசல்

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் 2006-இல் தொடங்கியது. இதைப் பற்றி ஊரில் நிலவுகிற தப்பெண்ணம் என்னவென்றால், "நேற்று வேலை போனால் இன்று போய்க் கேட்கலாம்" என்பது. அப்படி இல்லை. இது வேலை இழந்தவருக்கான திட்டமே அல்ல. வேலைக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவருக்கான திட்டம். பதிந்து, தவறாமல் புதுப்பித்து, 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் ஓராண்டு போதும்.

தொகை எவ்வளவு? பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போடுவார்கள். 3 ஆண்டுகள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. அவர்களுக்கு 10 ஆண்டுகள் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வயது, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45; நம்மைப் போன்ற மற்ற பிரிவினருக்கு 40. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வருமான, வயது வரம்புகள் இல்லை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இத்திட்டம் கிடையாது. கல்லூரியில் நேரில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவருக்கும் கிடையாது. அஞ்சல் வழியில் படிப்பவர் வாங்கலாம்.

சிரிக்கிறீர்கள். 600 ரூபாயில் என்ன ஆகும் என்று சிரிக்கிறீர்கள். நியாயமான சிரிப்புதான். 3 ஆண்டும் சேர்த்துப் பட்டதாரிக்கு வருவது 21,600 ரூபாய். ஒரு குடும்பம் இதை நம்பி உலை வைக்க முடியாது. இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். 5 ஆண்டு காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். ஆனால் ஒரு திட்டத்தில் நம் பிள்ளைகள் மனுவே போடாமல், அதை உயர்த்தச் சொல்லி நாம் எந்த முகத்தோடு கேட்பது? தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம், தட்டச்சு வகுப்புக்குக் கட்டணம், பஸ்சுக்குக் காசு: காலாண்டுக்கு 1,800 ரூபாய் அத்தாவிடம் கேட்காமல் கையில் வந்தால், அந்தப் பட்டதாரிப் பிள்ளைக்கு அதன் மதிப்பு தெரியும்.

பிள்ளை என்று சொல்லும்போது ஆண்பிள்ளைகளை மட்டும் நினைக்காதீர்கள். பிளஸ் டூவும் பட்டமும் முடித்து வீட்டில் இருக்கிற நம் பெண்மக்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேருடைய பெயர் பதிவாகி இருக்கிறது? கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்தால், 5 ஆண்டுக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

மனு போடுவது கஷ்டமா? இல்லை. படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசம். நமக்கு அது சிவகங்கையில், இதோ பக்கத்தில். இணையத்திலும் எடுக்கலாம். பதிவு அட்டை, மதிப்பெண் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். வருமானத்துக்கு வருவாய்த் துறையின் சான்று படிவத்திலேயே வேண்டும், வி.ஏ.ஓ.வைப் பார்க்காமல் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தொடங்குகிற காலாண்டுகளில் எடுத்துக்கொள்வார்கள். கிடைக்கத் தொடங்கிய பின், ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகி அரசு வேலை போய்விடும் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அது பொய். பதிவும் மூப்பும் அப்படியே இருக்கும்.

அந்தச் சுய உறுதிமொழியைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "நான் அரசு வேலையிலோ, தனியார் வேலையிலோ, சொந்தத் தொழிலிலோ ஊதியம் பெறவில்லை" என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். மாமு கடையில் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை கல்லாவில் உட்கார்ந்து மாதம் 8,000 வாங்குகிற தம்பி அதில் கையெழுத்துப் போடலாமா? "கணக்கில் இல்லாத சம்பளம்தானே, யாருக்குத் தெரியும்" என்கிறார்கள். யாருக்குத் தெரியும் என்று நம்மிடமா கேட்பது! அப்படிப்பட்டவருக்கு நான் படிவம் நிரப்பித் தர மாட்டேன். இங்கே உதவிக்கு இருக்கிற சகோதரர்களும் நிரப்பித் தரக் கூடாது. சம்பளம் வாங்குகிறவருக்கு வேறு வாசல் இருக்கிறது. அது கடை முதலாளியின் கையில் இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யின் வாசல்

வேலையில் இருந்து, அந்த வேலை போனவருக்கு உண்மையான வாசல் இ.எஸ்.ஐ. தான். நம்மில் பலர் அதை ஆஸ்பத்திரி என்று மட்டுமே நினைக்கிறோம். 2018 ஜூலை 1 முதல், 'அடல் பீமித் வியக்தி கல்யாண்' என்ற பெயரில், வேலை இழந்த காப்பீட்டாளருக்கு 90 நாள் வரை பணம் தரும் திட்டம் வந்தது. வாழ்நாளில் ஒருமுறை பெறலாம். தொடக்கத்தில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 24-ஐக் கணக்கில் வைத்து, அதை 50 சதவீதமாக்கி நிபந்தனைகளையும் தளர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் கழித்து என்றிருந்ததை 30 நாள் என்றாக்கினார்கள். முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை, தொழிலாளியே நேரடியாக மனு கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று சுருக்கினார்கள். கெடு வைத்து நீட்டிக்கிற திட்டம் இது. ஆகவே மனுவோடு போகும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு மதுரையில் துணை மண்டல அலுவலகம் இருக்கிறது.

தினம் 500 ரூபாய் சம்பளக்காரருக்கு 50 சதவீதம் என்றால் 90 நாளுக்கு 22,500 ரூபாய். அந்த ஜவுளிக்கடைச் சகோதரருக்கு 2020-இல் வந்திருக்க வேண்டிய பணம் ஏறத்தாழ அதுதான். ஏன் வரவில்லை?

வணிகப் பெருமக்களே, இப்போது உங்களிடம்தான் பேசுகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இ.எஸ்.ஐ. கட்டினால், 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், 112 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் 600 ரூபாய். உங்கள் கையிலிருந்து போவது ஐந்நூறுக்கும் கீழே. அதற்கு அந்தக் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம், பெண் ஊழியருக்குப் பேறுகாலச் சம்பளம், விபத்தில் ஊனமானால் மாதாமாதம் தொகை, வேலை போனால் மேலே சொன்னது. கடைத் திறப்பு விழாவில் ஒரு நாள் பூமாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகிற செலவு, ஓர் ஊழியருக்கு எத்தனை மாதச் சந்தா என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால் கட்டியே ஆக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், 10 பேருக்குக் குறைவான கடையும் முதலாளியும் ஊழியர்களும் ஒத்துக்கொண்டால் தாமாகச் சேரலாம் என்று இருக்கிறது. ஆகவே "என் கடை சின்னக் கடை" என்கிற சமாதானமும் இனி முழுசாகச் செல்லாது.

இன்னொரு சமாதானம் சொல்வார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு வேதனை அதிகம். "ஹஜ்ரத், இன்சூரன்ஸ் ஹராம் இல்லையா? அதனால்தான் நான் கட்டவில்லை." மார்க்கப் பற்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்! வருமான வரிக் கணக்கில் வராத பேணுதல், வேலைக்காரப் பையனின் 487 ரூபாயில் வந்துவிடுகிறது.

இதற்குப் பதில் சொல்வது என் கடமை. லாபத்துக்காக நடத்தப்படுகிற வணிகக் காப்பீடு வேறு. அதில் உலமாக்களின் ஆட்சேபம் பலமானது. 1985-இல் ஜித்தாவின் பிக்ஹ் அகாடமியும் அதைக் கூடாது என்று தீர்மானித்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையைத்தான் ஏற்றது. ஆனால் அரசாங்கம் சட்டப்படி நடத்துகிற சமூகக் காப்பீடும் ஓய்வூதியமும் அந்தக் கணக்கில் வராது. 1965-இல் கெய்ரோவில் கூடிய அல்அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வுப் பேரவை அவற்றை ஆகுமானவை என்று அறிவித்தது. இதில் ஐயம் உள்ளவர்கள் தமக்குத் தெரிந்த ஆலிமிடம் போய்க் கேட்கட்டும். கேட்காமலேயே பத்து வருஷம் கட்டாமல் இருப்பது பேணுதல் ஆகாது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், சட்டப்படி கூலியோடு சேர்ந்து வர வேண்டிய ஒன்றை நிறுத்தி வைப்பதற்கு என்ன பெயர்?

நம் வியாபாரிகள் பலர் தமக்காக வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராக இருக்கிறீர்கள். 1989-இல் ஏற்படுத்தப்பட்ட வாரியம். நல்லது. தனக்கு ஒன்று என்றால் தன் குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்று நினைத்துத்தானே உறுப்பினரானீர்கள்? கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த இந்த நியாயம், அந்தப் பக்கம் நிற்பவருக்கும் உண்டல்லவா?

கடைக்காரர்களை மட்டும் சொன்னால் நான் பாரபட்சக்காரன் ஆவேன். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மதரஸா நிர்வாகங்களும் என்ன செய்கின்றன? நிர்வாகம் மாறினால் இமாம் மாறுகிறார். முஅத்தினுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு உண்டா? சம்பளச் சீட்டு உண்டா? இதைப் பற்றி விரிவாகப் பேசினால் விடிந்துவிடும். இன்னொரு நாள், இன்ஷா அல்லாஹ்.

கடிதத்தில் கவனம்

வேலையை விட்டு அனுப்பும் நாளில் என்ன நடக்கிறது என்று இளைஞர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். "தம்பி, நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உனக்கும் மரியாதை எனக்கும் மரியாதை" என்பார்கள். மரியாதையோடு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான். அந்த ஒரு தாளில், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆட்குறைப்பின்போது வர வேண்டிய ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் போய்விடுகின்றன. இப்போது நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், நீக்கப்பட்ட தொழிலாளிக்கு மறுதிறன் பயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளத்தை முதலாளி கட்ட வேண்டும், அது 45 நாளில் அவர் கணக்குக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. நீக்கப்பட்டவருக்குத்தான் அது, தானாக விலகியவருக்கு அல்ல. திருட்டு, ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பினால் இ.எஸ்.ஐ. பணமும் இல்லை. என்ன காரணத்துக்காக வேலை போகிறதோ அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. காளையார்கோவில் காளீஸ்வரர் ஆலை, தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலை. 2020 மார்ச் ஊரடங்கில் அக்கழகத்தின் ஆலைகள் நாடு முழுவதும் நின்றன, இதுவும் நின்றது. சங்கு ஊதவில்லை. ஆனால் ஆலை ஓடாமல் நிற்பது வேறு, சட்டப்படி மூடப்படுவது வேறு, ஆள் நீக்கப்படுவது வேறு. ஆலை மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் 2005 ஏப்ரல் முதல் இன்னொரு திட்டமே இருக்கிறது, ராஜீவ் காந்தி பெயரில். 90 நாளை விட நீண்ட காலத்துக்குப் பணமும் குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. அந்த வாசலில் நுழைய வேண்டுமானால் வேலை போயிருக்க வேண்டும். போனதாக எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருக்கிறது, தறியோ கதிரோ ஓடவில்லை என்கிற நிலையில் இருக்கும் தொழிலாளி எந்த வாசலில் நிற்பார்? அந்த வீடுகளுக்குக் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களுக்குப் புரியும்.

அமீரகத்தில் இருப்பவர்களுக்கு

இங்கே உள்ள பாதி வீடுகளில் ஒருவராவது அரபு நாட்டில் இருக்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலை இழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை என்றால் மாதம் 5 திர்ஹம்தான் சந்தா. சேராதவருக்கு 400 திர்ஹம் அபராதம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், 3 மாதம் வரை. வீட்டு வேலைக்காரர்களுக்கு இது பொருந்தாது. சொந்தத் தொழில் முதலீட்டாளருக்கும் பொருந்தாது.

இதில் நம்மவர்கள் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? வேலை போன 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அந்த நாட்டில் முறையாகத் தங்கியிருக்க வேண்டும். நம் பிள்ளை என்ன செய்கிறான்? வேலை போன துக்கத்தில் முதல் விமானத்தைப் பிடித்து மதுரையில் வந்து இறங்குகிறான். பெட்டியைப் பிரித்து, பேரீச்சம்பழத்தைப் பங்கு வைத்து, ஒரு மாதம் கழித்து, "ஹஜ்ரத், அங்கே ஏதோ இன்சூரன்ஸ் கட்டினேனே, அதைக் கேட்க முடியுமா?" என்கிறான். முடியாது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாலும் முடியாது. ஆகவே இன்றிரவே அமீரகத்தில் இருக்கும் தம்பிக்கு, மருமகனுக்குப் போன் போட்டு, சந்தா நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சவூதியில் இருப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். அங்குள்ள 'சாநித்' சவூதிக் குடிமக்களுக்கானது.

நாம் செய்யப் போவது

ஜமாஅத்தில் குடும்பப் பதிவேடு இருக்கிறது. நிக்காஹ், மவ்த்து, சந்தா எல்லாம் அதில் எழுதுகிறோம். அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒன்றில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணும், அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதமும். மற்றொன்றில் இ.எஸ்.ஐ. எண். புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்ததும் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப இளைஞர்கள் இருவர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். பதிவதும் புதுப்பிப்பதும் இப்போது இணையத்திலேயே முடிகிற வேலை; யாரும் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. பதிவு காலாவதியானவர்கள் சோர்ந்துவிடாதீர்கள். விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிக்கிறது. பழைய அட்டையைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

கடை வைத்திருப்பவர்களில், ஊழியர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே பாருங்கள். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று மேடையில் சொல்லமாட்டேன். கணக்கு எழுதித் தர, விவரம் தெரிந்த ஒரு சகோதரர் இருக்கிறார். முதல் மூன்று மாதம் கூலி வேண்டாம் என்கிறார்.

உதவித்தொகைக்கு மனு போடுகிறவர்கள் வரும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவுக்கு வாருங்கள். பதிவு அட்டை, மதிப்பெண் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், இவற்றின் நகல்கள் இரண்டு செட். பெண்மக்கள் வரமுடியாவிட்டால் தாயார் கொண்டு வரலாம். கையெழுத்து மட்டும் அவரவர் போட்டதாக இருக்க வேண்டும். படிவத்துக்கு யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை எங்கள் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.